12 அடி தூரத்தில் ஒரு முயல்: பீட்டரின் பயம் போன கதை

பீட்டருக்கு அப்போது 2 வயது 10 மாதம். கம்பித் தடுப்பு வைத்த கட்டிலில் பொம்மைகளோடு விளையாடிக்கொண்டிருந்தான். பின்பக்கமாக ஒரு வெள்ளை எலியை உள்ளே விட்டார்கள். அதைப் பார்த்ததும் வீறிட்டுக் கத்தி அப்படியே மல்லாந்து விழுந்தான். உடனே எலியை எடுத்துவிட்டு, அவனைத் தூக்கி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறகு அதே கட்டிலில் வேறொரு சிறுமியை விட்டு, அதே எலியை விட்டார்கள். அவள் சர்வசாதாரணமாக அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பீட்டர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுடைய மணிமாலை கட்டிலிலேயே கிடந்தது. எலி அதன்மேல் படும்போதெல்லாம் தன் மணி, தன் மணி என்று முனகினான். அந்தச் சிறுமி தொட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வா என்று கூப்பிட்டதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். மறுபடி இயல்பாக ஓடியாடி விளையாட அவனுக்கு 25 நிமிடம் பிடித்தது.

அந்த 25 நிமிடக் குறிப்புக்காகவே எனக்கு இந்தப் பதிவு பிடிக்கும். பயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பயம் வந்த கணத்தை விவரிப்பார்கள், அப்புறம் தைரியம் வந்த கணத்துக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் ஒருவர் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்து வைப்பவர்கள் குறைவு. மேரி கவர் ஜோன்ஸ் குறித்து வைத்தார். நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியோடு சேர்ந்த குழந்தை நல ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். 1897இல் பிறந்தவர். பீட்டரைப் பற்றிய கட்டுரையை 1924இல் வெளியிட்டபோது முனைவர் பட்டம்கூட வாங்கியிருக்கவில்லை. அது வந்தது 1926இல்.

பயப்படும் பொருளைத் திரும்பத் திரும்பச் சந்திக்க வைத்து பயத்தைப் போக்கும் சிகிச்சை முறைகளுக்கெல்லாம் இந்தக் கட்டுரை மூத்த அக்கா. "எதற்குப் பயப்படுகிறாயோ அதையே திரும்பத் திரும்பச் செய், சரியாகிவிடும்" என்று இன்று ஆளாளுக்குச் சொல்கிறோமே, அந்த அறிவுரையின் வேரைத் தேடிப் போனால் இந்தப் பையன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வந்து சேரலாம். ஆனால் பதிவை முழுக்கப் படித்தால், அந்த அறிவுரை பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது என்று தெரியும். விட்டுப்போன பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதற்கெல்லாம் பயந்தான்

மறுநாள் அதே கட்டிலில் ஒவ்வொரு பொருளாகக் காட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பந்தை உருட்டிவிட்டார்கள், எடுத்து வைத்துக்கொண்டான். ரோம விரிப்பு ஒன்றைக் கட்டிலின்மேல் தொங்கவிட்டார்கள், எடுக்கும்வரை அழுதான். ரோமக் கோட்டுக்கும் அதே அழுகை. பஞ்சைப் பார்த்து முனகி, பின்வாங்கி, பிறகு அழுதான். இறகு வைத்த தொப்பியைப் பார்த்தும் அழுதான். சொரசொரப்பான துணியில் தைத்த வெள்ளை முயல் பொம்மையையும் மரப் பொம்மையையும் மட்டும் பொருட்படுத்தவே இல்லை.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வெள்ளை நிறத்தில் அவனுக்குப் பிரச்சினை இல்லை, பந்தும் வெள்ளைதான். முயல் உருவத்திலும் இல்லை, துணி முயலைச் சும்மா விட்டுவிட்டான். புசுபுசுவென்று இருப்பதுதான் அவனை உலுக்கியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். அரண்டவன் கண் அவ்வளவு மொத்தமாகப் பார்ப்பதில்லை. ஒரு தனிக் கணக்கு வைத்துக்கொண்டு, இது சேர்த்தி, இது இல்லை என்று கறாராகப் பிரிக்கிறது. அந்தக் கணக்கு வெளியாட்களுக்கு விளங்காததால்தான் "இதுக்குப் போயா பயப்படுவ?" என்று கேட்கிறோம்.

எலியைவிட முயலுக்கு அதிகமாகப் பயந்தான் என்று தெரிந்ததும், முயலையே சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார் ஜோன்ஸ்.

இந்தப் பட்டியல் வேறொரு குழந்தையை ஞாபகப்படுத்தும். 1920இல் உளவியலாளர் ஜான் வாட்சனும் அவருடைய உதவியாளர் ரோசலி ரேய்னரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் என்ற குழந்தையிடம் வேண்டுமென்றே பயத்தை உண்டாக்கிய சோதனையை வெளியிட்டார்கள். 11 மாதக் குழந்தை வெள்ளை எலியைத் தொடப் போகும்போதெல்லாம் அவன் தலைக்குப் பின்னால் எஃகுத் தண்டைச் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவைகளிலேயே எலியைக் கண்டாலே அழத் தொடங்கினான். முயல், நாய், ரோமக் கோட்டு என்று பயம் பரவியது. அதைப் போக்காமலே குழந்தை அங்கிருந்து போய்விட்டான். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத வேலை அது. ஜோன்ஸுக்கு ரேய்னர் கல்லூரித் தோழி. வாட்சன்தான் பீட்டர் விஷயத்தில் ஆலோசகர். ஆல்பர்ட்டிடம் செய்யாமல் விட்டதைப் பீட்டரிடம் செய்து பார்த்தார்கள் என்று சொல்லலாம்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆல்பர்ட்டின் பயம் எப்படி வந்தது என்பது தெரியும், பீட்டரின் பயம் எங்கிருந்து வந்தது என்று ஜோன்ஸுக்குத் தெரியாது. தெரியாமலேயே சிகிச்சை நடந்தது, பலித்தது. மூலகாரணத்தைத் தோண்டி எடுத்தால்தான் பயம் போகும் என்று வருடக்கணக்கில் தோண்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

பலிக்காத வழிகள்

பீட்டரை மட்டும் பார்த்தால் ஜோன்ஸ் நேராகச் சரியான வழிக்குப் போய்விட்டார் என்று தோன்றும். அப்படி நடக்கவில்லை. அதே காலத்தில் 3 மாதம் முதல் 7 வயது வரையுள்ள 70 குழந்தைகளிடம், பயத்தைப் போக்க வெவ்வேறு வழிகளை அவர் முயன்று பார்த்தார். பெரும்பாலானவை நாம் வீட்டில் தினமும் செய்பவைதான்.

முதலாவது, ஆறப்போடுவது. 21 மாதச் சிறுமி ஒருத்தி முயலைப் பார்த்து அழுதாள். சரி, கொஞ்ச நாள் கண்ணில் காட்டாமல் இருந்தால் மறந்துவிடுவாள் என்று 2 வாரம் விட்டுப் பார்த்தார்கள். மறுபடி முயல் வந்ததும் அழுது நடுங்கினாள். பயத்தை ஆறப்போட்டால் ஆறுவதில்லை.

அடுத்தது, பேசிப் புரிய வைப்பது. 5 வயதுச் சிறுமியிடம் ஒரு வாரம் தினமும் 10 நிமிடம் முயலைப் பற்றியே பேசினார்கள். படப் புத்தகம், பொம்மை முயல், களிமண்ணில் செய்த முயல், முயல் கதை. அவளும் உற்சாகமாகக் கலந்துகொண்டாள். தான் முயலைத் தொட்டுத் தடவிக் கொடுத்ததாகவும், தான் அழவே இல்லை என்றும் கதைகூட விட்டாள். வாரக் கடைசியில் நிஜ முயல் வந்தது. விளையாட்டை விட்டுவிட்டு எழுந்து பின்வாங்கினாள். தரையில் விட்டதும் எடுத்துட்டுப் போங்க என்று விசும்பினாள். வாய் ஒரு வாரத்தில் தைரியசாலி ஆகிவிட்டது, கால் ஆகவில்லை. பயத்தை வெல்வது பற்றி நிறையப் படித்துவிட்டு, மேடையில் ஏறியதும் தொண்டை அடைத்துக்கொள்ளும் பெரியவர்களை எல்லாருக்கும் தெரியும். அந்தச் சிறுமி நம் ஆள்தான்.

கேலி செய்தால் ரோஷம் வரும் என்பது மூன்றாவது நம்பிக்கை. தவளைக்குப் பயந்த 4 வயதுப் பையன் ஒருவன், மற்றப் பையன்களோடு சேர்ந்து போனபோது எல்லாரையும் முந்திக்கொண்டு தொட்டியருகே போய் நின்றான். கூட இருந்தவன் தவளையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பியதும் அலறிக்கொண்டு ஓடினான். துரத்தினார்கள், சிரித்தார்கள். பயம் ஒரு துளி குறையவில்லை.

நான்காவதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். பயப்படும் பொருளை வேறெதுவும் செய்யாமல் அடிக்கடி கொண்டுவந்து காட்டிப் பழக்குவது. இதில் அவருக்கு உறுதியான பலன் கிடைக்கவில்லை. சில குழந்தைகள் அலட்சியமானார்கள், அவ்வளவுதான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது அம்மிக்குப் பொருந்தும். அம்மிக்குப் பயம் கிடையாது. பயந்தவனிடம் அடிமேல் அடி வைத்தால் சில சமயம் அவன் சுவரோடு ஒட்டிக்கொள்வான்.

நம்பிக்கை தந்தவை இரண்டே இரண்டு: பயமில்லாத மற்றக் குழந்தைகளைப் பார்த்துச் செய்வது, பயத்துக்குரிய பொருளை, பிடித்த ஒன்றோடு சேர்த்து, தாங்கக்கூடிய தூரத்தில் வைத்துப் பழக்குவது.

சாண் ஏறி முழம் சறுக்கியது

பீட்டருக்கு முதலில் கையாண்டது கூட்டாளி வழி. பயமே இல்லாத 3 குழந்தைகளோடு அவனைத் தினமும் விளையாட விட்டார்கள். விளையாட்டின் நடுவே கொஞ்ச நேரம் முயலும் அறையில் இருக்கும். மெல்ல மெல்ல முன்னேறினான். அந்த நேரம் பார்த்து ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து ஏறக்குறைய 2 மாதம் மருத்துவமனையில் இருக்க வேண்டியதாகிவிட்டது.

குணமாகி வீடு திரும்பும் நாளில், நர்ஸோடு டாக்ஸியில் ஏறும்போது ஒரு பெரிய நாய் ஓடிவந்து அவர்கள்மேல் பாய்ந்தது. நர்ஸும் பயந்துவிட்டார். பீட்டர் வெளிறிப்போய் டாக்ஸியில் சாய்ந்து கிடந்தான். திரும்ப மருத்துவமனைக்கே கொண்டுபோகலாமா என்று நர்ஸ் யோசிக்கும் அளவுக்கு இருந்தது நிலைமை. மறுபடி முயலைக் காட்டியபோது, தொடங்கிய இடத்துக்கே வந்திருந்தான்.

எனக்கும் நாய்ப் பயம் உண்டு என்பதால் இந்தக் கட்டத்தை எப்போதும் வேகமாகப் படித்துக் கடந்துவிடுவேன். அதை விடுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது, பாய்ந்தது நாய், திரும்பி வந்தது முயல் பயம் என்பது. அதுவரை முயலோடு பழகியது ஒரு நாயால் கலைந்துபோனது. ஜோன்ஸ் இதை மறைக்கவில்லை. தன் வரைபடத்தில் கோடு செங்குத்தாக விழுவதை அப்படியே போட்டுக் காட்டி, காரணத்தையும் எழுதினார்.

மிட்டாயும் முயலும்

இப்போது இரண்டாவது வழி. குழந்தைகள் சாப்பிடும் உயரமான நாற்காலியில் பீட்டரை உட்கார வைத்து, பிடித்த தின்பண்டம் கொடுப்பார்கள். அவன் சாப்பிடும்போது முயலைக் கூண்டோடு கொண்டுவருவார்கள். எவ்வளவு கிட்ட? அவன் சாப்பிடுவது தடைபடாத அளவுக்கு. இதுதான் முழு விதியும்.

கேட்க எளிது. ஆனால் இது கத்திமேல் நடக்கும் வேலை என்பதை ஜோன்ஸ் உணர்ந்திருந்தார். மிட்டாயின் இனிப்பு முயலுக்குப் போகலாம். முயலின் பயம் மிட்டாய்க்கும் வந்துவிடலாம். அவசரப்பட்டுக் கூண்டைக் கிட்டத்தில் வைத்தால், முயலுக்குப் பழகாதது மட்டுமில்லை, சாப்பாட்டுக்கே பயப்படும் பையன் மிஞ்சுவான். அந்த எச்சரிக்கையை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு நாள் பீட்டரும் இன்னொரு பையனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் மிட்டாய் தின்றுகொண்டிருந்தார்கள். 12 அடி தூரத்தில் கூண்டை வைத்ததும் பீட்டர் அழத் தொடங்கினான். மற்றவன் ஓ முயல் என்று இறங்கி ஓடிக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தான். பீட்டரும் அவன் பின்னாலேயே போய் நின்று பார்த்தான். அழுதுகொண்டிருந்தவன் இப்போது கூண்டுப் பக்கம்!

இன்னொரு நாள், கூண்டை 4 அடியில் மேசைமேல் வைத்தார்கள். இந்த முறை கூட்டாளி இல்லை. உடனே அழுகை, எடுத்துட்டுப் போகச் சொல்லிப் பிடிவாதம். 20 அடிக்குத் தள்ளி வைத்த பிறகுதான் மறுபடி மிட்டாயைக் கையில் எடுத்தான். அப்போதும் முணுமுணுப்பு நிற்கவில்லை. 3 நிமிடத்தில் மறுபடி வெடித்து அழுதான். முயலை வெளியே கொண்டுபோய்விட்டார்கள்.

இதைத் தோல்வி என்று எழுதுவது சுலபம். நான் அப்படிப் பார்க்கவில்லை. 4 அடி அதிகம் என்று பையன் சொன்னான், 20 அடிக்குப் போனார்கள். அளவுகோல் பையனிடம்தான் இருந்தது. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிக் கற்றுக்கொடுப்பது என்ற பழக்கத்துக்கு நேர் எதிர்த் திசையில் போகும் வேலை இது.

17 படிகள்

பீட்டரின் முன்னேற்றத்தை 17 படிகளாக ஜோன்ஸ் வரிசைப்படுத்தினார். முன்கூட்டியே போட்ட திட்டம் இல்லை, நடந்ததைப் பார்த்துப் போட்ட வரிசை. முதல் படியில், கூண்டுக்குள் இருக்கும் முயல் அறையில் எந்த மூலையில் இருந்தாலும் பயம். பிறகு 12 அடி, 4 அடி, 3 அடி, பக்கத்திலேயே. அப்புறம் கூண்டைத் திறந்து அறையில் உலவ விட்டாலும் பொறுத்துக்கொள்கிறான். ஆய்வாளர் பிடித்திருக்கும்போது தொடுகிறான், பிறகு தரையில் சும்மா இருக்கும்போதும் தொடுகிறான்.

அடுத்து வரும் 9ஆவது படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. முயலைப் பார்த்துத் துப்புகிறான், அதன்மேல் சாமான்களை எறிகிறான், அதைப்போலச் செய்துகாட்டிப் பழிக்கிறான். நம் வீட்டில் நடந்திருந்தால், "என்னடா இது கெட்ட பழக்கம்" என்று முதுகில் ஒன்று வைத்திருப்போம். ஜோன்ஸ் அதை ஏறுபடியாகக் கணக்கில் எடுத்தார். யோசித்தால் நியாயம்தான். மல்லாந்து விழுந்து கத்தியவன் இப்போது நிமிர்ந்து நின்று வம்புக்கு இழுக்கிறான். பயத்துக்கும் பிரியத்துக்கும் நடுவில் கோபம் என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. பல ஆண்டுகள் வாகனம் ஓட்டப் பயந்தவர், ஓட்டத் தொடங்கிய புதிதில் சாலையில் போகிற எல்லாரையும் திட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். அவர் 9ஆவது படியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு படிகள் மென்மையாகின்றன. நாற்காலியின் தட்டில் முயல் இருக்கச் சம்மதிக்கிறான். தற்காப்பே இல்லாமல் முயலின் பக்கத்தில் குந்தி உட்காருகிறான். கூண்டுக்குத் தூக்கிப்போக உதவுகிறான். மடியில் வைத்துக்கொள்கிறான். அறையில் தனியாக முயலோடு இருக்கிறான். தன் விளையாட்டு அடைப்புக்குள் அதை வரவிடுகிறான். ஆசையாகத் தடவுகிறான். 17ஆவது படியில், முயல் தன் விரல்களைக் கொறிக்க விடுகிறான்.

காகிதத்தில் இது மாடிப்படி மாதிரி தெரிகிறது. நாள்வாரிப் பதிவில் அப்படி இல்லை, ஏறியதும் இறங்கியதும் கலந்தே கிடக்கிறது. கூண்டுக்குத் தூக்கிப்போகும்போது ஒருமுறை முயல் லேசாகப் பிறாண்டிவிட்டது, கோடு கீழே இறங்கியது. இன்னொரு பக்கம், அவனுக்கு ரொம்பப் பிடித்த உதவியாளர் ஒருவர் அறையில் இருந்த நாள்களில் கோடு மேலே போனது. அவர் முயலைப் பற்றி எதுவும் பேசவில்லை, தைரியம் சொல்லவும் இல்லை. பிடித்தவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற தெம்பு மட்டும்தான்.

ஒருநாள் பீட்டர் நாற்காலியில் நின்று ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். முயல் எங்கே என்று அவனாகவே கேட்டான். அவன் காலடியில் விட்டார்கள். தட்டிக்கொடுத்தான், தூக்கப் பார்த்தான், கனமாக இருந்தது. ஜன்னல் திண்டில் ஏற்றிவைக்க உதவி கேட்டான். ஏற்றிவைத்ததும் அங்கேயே அதோடு சில நிமிடங்கள் விளையாடிக்கொண்டிருந்தான்.

எது வேலை செய்தது?

கறாரான ஆய்வாளர் இங்கே குறுக்கிடுவார். ஒரே ஒரு பையன், ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. மிட்டாய், கூட்டாளிகள், பிடித்த உதவியாளர், படிப்படியான தூரம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. எது காரணம் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. இந்த ஒரு பதிவை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது.

பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு இழையாகப் பிரித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் மனநல மருத்துவர் ஜோசஃப் வோல்பி, கூண்டில் மின்னதிர்ச்சி வாங்கி அங்கே சாப்பிடவே மறுத்த பூனைகளுக்கு, அந்தக் கூண்டு இருக்கும் அறையைப்போல் கொஞ்சமும் இல்லாத அறையில் முதலில் உணவு வைத்து, பிறகு ஓரளவு ஒத்த அறை, பிறகு அதே அறை, கடைசியில் கூண்டு என்று நகர்ந்தார். மனிதர்களுக்கு மிட்டாய்க்குப் பதில் உடலைத் தளர்த்தும் பயிற்சியைக் கொடுத்து, பயத்தைச் சின்னதிலிருந்து பெரியதாக மனத்தில் கற்பனை செய்ய வைத்தார். 1958இல் அவர் இந்த முறையை நூலாக வெளியிட்டார். நடத்தைச் சிகிச்சையின் தாய் என்று ஜோன்ஸை அழைத்தவரும் அவரே. பயத்தை 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டுச் சொல்லும் வழக்கமும் வோல்பியிடமிருந்து வந்ததுதான். அதற்கும் பின்னால், தளர்த்தும் பயிற்சி இல்லாவிட்டாலும் நேருக்கு நேர் சந்திப்பதே பலன் தருகிறது என்று தெரியவந்தது. ஸ்வீடனின் லார்ஸ் யோரன் ஓஸ்ட், சிலந்தி, பாம்பு போன்ற குறிப்பிட்ட பயங்களுக்கு அதிகபட்சம் 3 மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் சிகிச்சை தரும் முறையை 1989இல் விவரித்தார்.

அந்த நாய் விஷயத்துக்கும் விளக்கம் உண்டு. மணி அடித்து உணவு கொடுத்து, மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறும்படி நாய்களைப் பழக்கிய ரஷ்ய ஆய்வாளர் பாவ்லோவ், தன் நாய்களிடமே பார்த்ததுதான். மணிக்குப் பிறகு உணவு வராது என்று பழகி எச்சில் ஊறுவது நின்றுபோன நாய்க்கு, சும்மா கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி மணி அடித்தால் மீண்டும் ஊறும். பழைய பாடம் அழிவதில்லை. அதன்மேல் புதிய பாடம் எழுதப்படுகிறது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நீண்ட இடைவெளி, புதிய இடம், எதிர்பாராத அதிர்ச்சி ஆகிய மூன்றுமே பழையதைத் தட்டி எழுப்பக்கூடியவை. பீட்டருக்கு இடைவெளியும் அதிர்ச்சியும் ஒன்றாக வந்தன.

இதைத் தெரிந்துகொண்டதில் எனக்குத் தனிப்பட்ட லாபம் உண்டு. நாயைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் கடந்துவிடுவது என் வழக்கம். கடந்ததும் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அந்த நிம்மதிதான் கூலி. கூலி கிடைக்கும் வேலையை மனம் விடாது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கடக்கும். பீட்டருக்கு அந்த வசதி இல்லை, அவன் உயர நாற்காலியில் இருந்தான். பெரியவர்களுக்குக் கால் இருப்பதுதான் தொந்தரவு.

நான் என் 12 அடியைத் தேடினேன். என் கணக்கில் அது, கட்டிவைத்த நாய் தெருவின் எதிர்ப்பக்கம் இருக்க நான் இந்தப் பக்கம் நிற்பது. நெஞ்சு அடிப்பது அடங்கும்வரை நின்றால் போதும், அடங்குவதற்குள் கிளம்பினால் பழைய கூலியே மறுபடி. இப்படியே தூரம் குறைந்தது. ஆனால் மழையே இல்லாத நாளிலும் நான் கையில் குடையோடு போவதை ஒரு நண்பர்தான் சுட்டிக்காட்டினார். நாய் கடிக்கவில்லை என்ற பாடத்தை என் மனம் படிக்கவே இல்லை, குடை இருந்ததால் கடிக்கவில்லை என்று படித்துக்கொண்டிருந்தது. குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போன முதல் நாள் மறுபடி எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சாண் ஏறி முழம் சறுக்குவது பரம்பரை வியாதி போல!

லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மிஷெல் கிராஸ்க்கும் அவருடன் வேலை செய்பவர்களும் வலியுறுத்தும் ஒரு விஷயம் உதவியது. சந்திக்கப் போவதற்கு முன், என்ன நடக்கும் என்று பயப்படுகிறோம் என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லி வைத்துக்கொள்வது. திரும்பி வந்ததும் நடந்ததை அதோடு ஒப்பிடுவது. பயம் எவ்வளவு குறைந்தது என்பதைவிட, எதிர்பார்த்தது பொய்த்ததா என்பதுதான் மனத்தில் பதிகிறது. ஒரே நாய், ஒரே தெரு என்றில்லாமல் இடத்தையும் நாயையும் மாற்றிக்கொண்டே இருப்பதும் இதே காரணத்துக்காக. ஒரே தெருவில் கற்ற தைரியம் அந்தத் தெருமுனையிலேயே நின்றுவிடும்.

எல்லாப் பயத்துக்கும் இதே செய்முறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மயங்கி விழுபவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. உடம்பைத் தளர்த்து என்று அவர்களுக்குச் சொல்வது தவறான யோசனை. கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே ஊசியைப் பார்க்கப் பழக்குகிறார்கள். நிஜமான கொடுமையை அனுபவித்தவரின் பயமும் வேறு விஷயம். அதைத் தனியாக வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது, பயிற்சி பெற்றவர் கூட இருக்க வேண்டும்.

பீட்டரின் வீட்டைப் பற்றியும் ஜோன்ஸ் எழுதியிருக்கிறார், அதை விட்டால் பதிவு முழுமையாகாது. அவன் சகோதரி இறந்துபோயிருந்தாள். அம்மா எளிதில் கண்ணீர் விடுபவர், பையனை அடக்கப் பூச்சாண்டி காட்டுவார். உள்ளே வா, யாரோ உன்னைத் திருடிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள் என்கிற ரகம். முயல் பயம் போன பையன் திரும்பிப் போனது அந்த வீட்டுக்குத்தான்.

போவதற்கு முன் நடந்த கடைசிச் சந்திப்பில், பழைய பொருள்களையெல்லாம் மறுபடி காட்டினார்கள். பஞ்சு, ரோமக் கோட்டு, இறகு எதற்கும் பயமில்லை. எடுத்துப் பார்த்தான், சுவாரசியம் இல்லாமல் வேறு பக்கம் திரும்பிவிட்டான். முயலின் தலை வைத்த ரோம விரிப்பை, கேட்டதும் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தான். எலி இருந்த தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றினான். முயலிடம் இருந்த பிரியம் இவற்றின்மேல் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அவன் அதுவரை அங்கே பார்த்திராத இரண்டைக் கொண்டுவந்தார்கள்: ஒரு சுண்டெலி, சிக்கல் சிக்கலாக நெளியும் ஒரு குவியல் மண்புழு. பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறியது, சற்றுப் பின்வாங்கினான். நேரம் முடிவதற்குள் சுண்டெலியை நிதானமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு, மண்புழுக்களைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டிருந்தான்.